அணிக்குள் சீனியர்கள் அடித்தால், அவமானப்படுத்தினால்: செட்டிநாட்டு விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

கபடியோ கிரிக்கெட்டோ ஹாக்கியோ, பிள்ளை ஓர் அணியில் சேர்ந்து விடுதியிலோ கேம்ப்பிலோ தங்கப் போகிறான் என்றால் நம் பக்கத்து வீடுகளில் முதலில் விசாரிப்பது சாப்பாட்டை, அடுத்தது படிப்பை. கூடத் தங்கும் சீனியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என் அக்கா மகன் கபடி ஆடுகிறவன். அவனுக்கு ஓர் அணியில் நடந்ததற்காக நானும் அக்காவும் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்தோம். எந்த இடத்தில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்த அணியின் பெயர் இங்கே வேண்டாம். தெரிந்துகொண்ட வழியை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

இந்த மாதிரிப் புகார்கள் பாதியில் படுத்துவிடுவதற்குக் காரணம் சட்டம் போதாமை அல்ல. முதல் இரண்டு மூன்று நாளில் எதுவும் எழுத்தில் பதியாமல், "பேசி முடிச்சுக்கலாம்" என்ற வாய்ப்பேச்சிலேயே நாள் ஓடிவிடுகிறது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த நாட்களைக் கைவிட்டுவிடாமல் இருப்பதற்காகத்தான்.

1. எது விளையாட்டு, எது வதை என்று முடிவு செய்யுங்கள்

சீனியரின் கிட் பையைத் தூக்குவது, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவது போன்றவற்றுக்காக யாரும் புகார் எழுத வேண்டியதில்லை. பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடியாதுண்ணே என்று சொன்னால் என்ன நடக்கும்?" சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றால் விட்டுவிடலாம். அடி விழும், ராத்திரி தூங்க விடமாட்டார்கள், பேட்டா பணத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், மறுநாள் பிராக்டிஸில் வேண்டுமென்றே அவன் முழங்காலின் மேல் வந்து விழுவார்கள் என்ற பதில் வந்தால் அது வதை.

பிள்ளைகள் தானாக வாய் திறக்க மாட்டார்கள். யுஸ்வேந்திர சஹல் இந்திய அணிக்கே ஆடியவர். 2013 ஐபிஎல் சமயத்தில், குடித்திருந்த சக வீரர் ஒருவர் பெங்களூர் ஓட்டலில் 15வது மாடி பால்கனியிலிருந்து தன்னைத் தொங்கவிட்டதை அவர் வெளியே சொன்னது 2022-ல். அவ்வளவு பெரிய ஆளுக்கே அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பதினாறு வயதுப் பையன் போனில் "நல்லா இருக்கேன் மாமா" என்றுதான் சொல்வான். ஊருக்கு வந்தால் சட்டையைக் கழற்றாமல் தூங்குகிறானா, பேட்டா வந்த வாரத்திலேயே வீட்டில் பணம் கேட்கிறானா, திரும்பிப் போகிற நாள் நெருங்கினால் வயிற்றுவலி என்கிறானா என்று கவனியுங்கள்.

"எல்லாரும் இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்று கோச் சொன்னால் அதோடு அடங்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் புது வீரர்களுக்குப் பெண் வேடம் போட்டு ஊர்வலம் விடுவது பல வருட வழக்கம். 2016 ஒப்பந்தத்தில் அதற்குத் தடை போட்டார்கள். பழைய வழக்கம் என்பதால் அது தப்பவில்லை.

2. உடம்பை முதலில் பாருங்கள்: ஏ.ஆர். காப்பி

அடிபட்டிருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காரைக்குடியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அடிதடிக் காயம் என்று சொன்னால் அங்கே பல சமயம் ஜி.எச்.சுக்குப் போகச் சொல்வார்கள், பொழுது அதிலேயே போய்விடும்.

இந்த இடத்தில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். என்பது இதுதான்) எழுதுவார். கூட வந்த அணி மேனேஜரோ சீனியரோ "பிராக்டிஸ்ல விழுந்துட்டான் சார்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். விளையாட்டுப் பையன் என்பதால் டாக்டரும் நம்பிவிடுவார். அந்த ஒரு வரி பிறகு உங்கள் வழக்கைக் கவிழ்க்கும். பிள்ளையை உள்ளே அனுப்பும் முன் வீட்டு ஆள் ஒருவர் கூடப் போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பேர், கையாலா கட்டையாலா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். வெளியே வந்ததும் ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு காப்பிக்கு எழுதிக் கொடுங்கள்.

எலும்பு வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் வராதீர்கள். சாதாரணக் காயம் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 115(2) பிரிவில் வரும், அதிகபட்சம் ஓராண்டு தண்டனை. எலும்பு முறிவு, பல் போனது போன்றவை கொடுங்காயம், 117(2) பிரிவு, ஏழாண்டு வரை. 15 நாள் தொடர்ந்து கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ இருந்தாலும் கொடுங்காயமாகக் கருத இடம் உண்டு. அதனால் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்த சீட்டையும் மறுபரிசோதனைச் சீட்டையும் தேதியோடு வைத்திருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அடிக்கவே இல்லை, தண்டனை என்று நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணமும் தண்டாலும் போட வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அது வெறும் உடம்புவலி இல்லை. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "சி.பி.கே. டெஸ்ட் எடுக்கணும்" என்று நீங்களே கேளுங்கள், தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. தைலம் தேய்த்துப் படுக்கவைக்க வேண்டாம்.

மனசுக்கும் வைத்தியம் உண்டு. 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. செத்துப்போய்விடலாம் போல இருக்கிறது என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும் இந்தப் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் இருங்கள். புகாரை மறுநாள் எழுதலாம்.

3. ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்

மியாமி டால்ஃபின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஜொனாதன் மார்ட்டின் என்பவர் சக வீரர்களின் வதை தாங்காமல் 2013-ல் அணியை விட்டு வெளியேறினார். ஆறடிக்கு மேல் உயரம், நூற்று நாற்பது கிலோ எடை உள்ள ஆள். உடம்பு பலம் இருந்தால் இதெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். லீக் வைத்த விசாரணையில் டெட் வெல்ஸ் என்ற வழக்கறிஞர் 2014-ல் 144 பக்க அறிக்கை கொடுத்தார். அது நின்றதற்கு முக்கியக் காரணம் செல்போன் குறுஞ்செய்திகளும், போனில் பதிவான வசவும்தான். தான் போகாத ஒரு சுற்றுலாவுக்கு மார்ட்டின் 15,000 டாலர் கொடுக்க வேண்டிவந்ததும் அதில் வெளிவந்தது.

நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். சீனியர் பேட்டாவைப் பிடுங்கினார் என்றால் இப்போதெல்லாம் அது ஜிபேயில்தான் போகிறது. தேதி, நேரம், பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும். வங்கியில் ஸ்டேட்மென்ட் எடுத்து அந்த வரிகளுக்குப் பேனாவில் அடிக்கோடு போட்டு வையுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த மிரட்டல், கேலி வீடியோ எதையும் அழிக்காதீர்கள். குரூப்பை விட்டு வெளியேறும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்புங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் "மணி அண்ணே" என்று மட்டும் தெரிந்தால் போதாது, போன் நம்பர் தெரியும்படி எடுங்கள். மூல போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63-ன் கீழ் சான்று கேட்பார்கள், அதற்கு அந்தப் போனே வேண்டும்.

உடையைக் களைந்து எடுத்த வீடியோ என்றால் ஆதாரத்துக்கு என்று சொந்தக்காரர்களுக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் அப்படி அனுப்புவதே தனிக் குற்றம். போனை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள். வீடியோ வெளியே பரவுகிறது என்றால் 1930 சைபர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளையை உட்கார வைத்து, நினைவிருப்பதை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் "திருப்பத்தூர் மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி" என்று எழுதினாலும் போதும். அங்கே யார் யார் இருந்தார்கள் என்பது கட்டாயம் வேண்டும். கூட இருந்த பையன்கள் ஒரு வாரத்தில் பின்வாங்கிவிடுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், அவர்களுக்கும் அதே அறையில்தான் படுக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதி வையுங்கள், பின்னால் விசாரணை அதிகாரி கூப்பிட்டுக் கேட்பார்.

4. உங்கள் வாசல் எது என்று பாருங்கள்

எங்களுக்கு அதிக நாள் வீணானது இதில்தான். ஒவ்வோர் இடத்திலும் "இது எங்களுடையது இல்லை, அங்கே போங்க" என்றார்கள். பிள்ளை யார் என்பதைப் பொறுத்து வாசல் மாறும்.

பள்ளி அல்லது கல்லூரி மாணவர் என்றால் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997 பொருந்தும். இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ராகிங் வளாகத்துக்கு வெளியே நடந்தாலும் இந்தச் சட்டம் விடாது. டோர்னமென்டுக்குப் போன ஊர் லாட்ஜில் நடந்தது என்பதைச் சாக்காக ஏற்காதீர்கள். கல்லூரி அணி என்றால் இன்னும் ஒரு கதவு உண்டு: 1800-180-5522, நாள் முழுவதும் இயங்கும் ராகிங் எதிர்ப்பு எண். 2009 பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, குற்றமாகக் கருதத்தக்க ராகிங் என்றால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவரே போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும். இந்த வரியைப் புகாரில் எழுதிக் கொடுங்கள். கல்லூரி நடந்துகொள்ளும் வேகம் மாறும்.

18 வயதுக்குக் கீழ் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண். உடையைக் களைவது, அந்தரங்க உறுப்பைத் தொடுவது, ஆபாசமாக ஆடச் சொல்வது இருந்தால் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் வரும். ஆண் பிள்ளைக்கும் அது முழுமையாகப் பொருந்தும். இதை ஸ்டேஷனிலேயே சிலருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்தும் புகார் செய்யாத கோச், வார்டன், நிர்வாகி மீதும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. வாக்குமூலம் வாங்க பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது, வீட்டிலேயே சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும்.

பெண் வீராங்கனைக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013 பணியிடச் சட்டம். விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாம் அதில் பணியிடம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அந்த நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அணியில் குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்கு, கலெக்டர் அலுவலகம் வழியாகப் போங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டியிருந்தால், தனி டம்ளர், தனிப் பாய் என்று ஒதுக்கியிருந்தால், அதை மறைத்துப் பொதுப்படையாக "திட்டினார்கள்" என்று எழுதாதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும். உதவி எண் 14566. "அதையெல்லாம் எதுக்குப்பா கிளறிக்கிட்டு" என்று நம் ஊரில் நல்ல எண்ணத்தோடே சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள்.

ரயில்வே, வங்கி, போலீஸ் என்று துறை அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறவர் என்றால் துறை மேலதிகாரிக்கு எழுத்தில் ஒரு புகார். மேட்ச்சுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஊர் அணிகளுக்கு ஆடுகிற பையன்களுக்கு நிர்வாகம் என்று சொல்ல எதுவும் இருக்காது. அவர்களுக்கு நேரே போலீஸ்தான்.

5. புகார் மனுவை எழுதும் முறை

வெள்ளைத் தாள், ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். டைப் அடித்தால் நல்லது, கையெழுத்து தெளிவாக இருந்தால் அதுவும் போதும். இந்த வரிசையில் எழுதுங்கள்:

அனுப்புநர், பெறுநர். பொருள் என்ற இடத்தில் "அணியில் சீனியர் வீரர்கள் தாக்கியது, மிரட்டிப் பணம் பறித்தது தொடர்பாக" என்று நேராக எழுதுங்கள். முதல் பத்தி: பிள்ளையின் வயது, எந்த அணி, எந்தத் தேதியிலிருந்து. இரண்டாம் பத்தி: கடைசியாக நடந்த பெரிய சம்பவம், தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார்கள். மூன்றாவது: அதற்கு முன் நடந்தவை, தேதி வரிசையில். நான்காவது: யாரிடம் எப்போது சொன்னோம், அவர்கள் என்ன செய்தார்கள். ஐந்தாவது: என்ன வேண்டும். இணைப்பு: ஏ.ஆர். காப்பி, வயதுச் சான்று, ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், ஸ்க்ரீன்ஷாட்.

"ஒருவருக்கு ஒரு வேலை" என்று பிரித்து எழுதுவது முக்கியம். "எல்லாரும் சேர்ந்து அடித்தார்கள்" என்று எழுதினால் யார் மீதும் நிற்காது. யார் கையைப் பிடித்தார், யார் கதவை வெளியே தாழ் போட்டார், யார் வீடியோ எடுத்தார் என்று தனித்தனியாக வரட்டும். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். நடக்காத ஒன்றைச் சேர்த்தால் நடந்த ஒன்பதும் பொய்யாகிவிடும்.

என்ன வேண்டும் என்ற பத்தியில் "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதிவிட்டால் அவர்களுக்குச் சௌகரியம். அறையை மாற்ற வேண்டும், இன்னார் இன்னார் விசாரணை முடியும்வரை கேம்ப்பில் இருக்கக் கூடாது, பறித்த தொகை திரும்ப வேண்டும், வீடியோவை அழிக்கும் முன் போலீஸ் கைப்பற்ற வேண்டும், புகார் கொடுத்ததற்காகப் பிள்ளையின் ஆட்ட வாய்ப்பைக் குறைக்கக் கூடாது என்று வரிவரியாக எழுதுங்கள்.

6. ஸ்டேஷன்: மனு ரசீதா, எஃப்.ஐ.ஆரா

செட்டிநாடு என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் காவல் எல்லை இரண்டு மாவட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு, ராயவரம், ராமச்சந்திரபுரம் புதுக்கோட்டை மாவட்டம். வீடு ஒரு பக்கம், கேம்ப் மறு பக்கம், சம்பவம் நடந்த லாட்ஜ் மூன்றாவது ஊர் என்று இருந்தால் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அனுப்புவார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். பொறுமையாக, சண்டை போடாமல் "ஐயா, 173 படி ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள்.

மனுவை இரண்டு பிரதி கொண்டுபோங்கள். பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதுதான் கிடைக்கும். அது எஃப்.ஐ.ஆர். இல்லை என்பதை மனதில் வையுங்கள். வெறும் 115(2) காயம் மட்டும் என்றால், மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. அதனால்தான் ரசீதோடு நிற்பார்கள். பணம் பறித்தல் (நியாய சன்ஹிதா 308), கொடுங்காயம், ராகிங், போக்சோ, வன்கொடுமை என்று எது உண்மையில் நடந்ததோ அது மனுவில் தெளிவாக இருந்தால் நிலைமை மாறும். இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை, இருப்பதை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

எஃப்.ஐ.ஆர். போட்டால் ஒரு பிரதி இலவசமாக உங்களுக்குத் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள். பெயர் எழுத்து, தேதி, இடம் தவறாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

பதிய மறுத்தால் அதே மனுவைச் சிவகங்கை அல்லது புதுக்கோட்டை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் ஒப்புகை அட்டையோடு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அந்த ரசீது இருந்தால்தான் அடுத்த கட்டமாக மாஜிஸ்ட்ரேட்டிடம் அதே நடைமுறைச் சட்டத்தின் 175(3)-ன் கீழ் மனு போட முடியும். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு மனு கொடுத்து எண் வாங்கலாம். 1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புப் பிரிவிலும் பதியலாம். ஆனால் இவை இரண்டும் மேலே இருந்து ஒரு தட்டு தட்டத்தான். எஃப்.ஐ.ஆருக்குப் பதில் ஆகாது.

குற்றம் செய்த சீனியருக்கும் 18 ஆகவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அந்தப் பையன் பெயரையோ படத்தையோ எங்கும் வெளியிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். ஆத்திரத்தில் ஸ்டேட்டஸ் போட்டால் எதிர்வழக்குக்கு நீங்களே நூல் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

7. அணிக்கும் சங்கத்துக்கும் எழுத்து

போலீஸ் ஒரு பக்கம் போகட்டும், அதே நாளில் அணி நிர்வாகத்துக்கும் மாவட்டச் சங்கத்துக்கும் மனு போகட்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு, நகல் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு. அங்கே பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போட்டு "என் புகார் மீது என்ன நடவடிக்கை" என்று கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் கிளப்புக்கு இது செல்லாது.

தேசியச் சம்மேளனங்கள் நடத்தை விதியும் வீரர் பாதுகாப்புக் கொள்கையும் குறைதீர்ப்பு அமைப்பும் வைக்க வேண்டும் என்று 2025 தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சொல்கிறது. மாநிலச் சங்கத்துக்கு எழுதும்போது நகலைச் சம்மேளனத்துக்கும் போடுங்கள்.

கோச் போனில் பேசினால் பேசுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். முடிந்ததும் "இன்று மாலை நீங்கள் சொன்னபடி அறை மாற்றித் தருவதாகப் புரிந்துகொண்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

8. சமாதானம் பேச வருகிறவர்கள்

கண்டிப்பாக வருவார்கள். அம்பலார் (ஊர்த் தலைவர்) வீட்டிலிருந்து ஒருவர், அணிக்குப் பணம் போடும் சிங்கப்பூர்க்காரரின் தம்பி, பள்ளிக்கூடத்துப் பி.டி. சார். "ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைகதானேத்தா" என்று அக்காவிடம் கண் கலங்கிப் பேசினார்கள். அவர்களில் நிஜமாகவே நல்லது நினைப்பவர்களும் உண்டு. அவர்களை உட்கார வைத்துக் காபி கொடுங்கள். ஆனால் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள்.

சமாதானமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சாதாரணக் காயத்துக்கு அடிபட்டவர் சம்மதித்தால் ராஜியாகப் போகச் சட்டமே இடம் தருகிறது. பிள்ளைக்கு அதே அணியில் தொடர்ந்து ஆட வேண்டும் என்ற ஆசை இருக்கலாம், அந்த ஆசையையும் மதிக்க வேண்டும். போக்சோவிலும் வன்கொடுமைச் சட்டத்திலும் மட்டும் ஊர் பேசி முடிக்க இடமே இல்லை. அதில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்களே மாட்டிக்கொள்வார்கள், அதைச் சொல்லிவிடுங்கள்.

ராஜி என்றால் பிள்ளையைத் தனியாகக் கேட்டு, அவன் விருப்பம் தெரிந்த பிறகு. ஸ்டேஷனில் "இனி எங்களுக்குள் பிரச்சினை இல்லை" என்று ஒரே வரியில் எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன நடந்தது, யார் ஒப்புக்கொண்டார், எவ்வளவு பணம் எந்தத் தேதிக்குள் திரும்பும், வீடியோ யார் யாரிடம் இருந்து அழிக்கப்பட்டது, மீண்டும் நடந்தால் புகார் உயிர்பெறும் என்று எல்லாம் அதில் வரட்டும். வெற்றுத் தாளிலோ வெற்றுப் பத்திரத்திலோ யார் சொன்னாலும் கையெழுத்துக் கிடையாது.

9. செலவும் காலமும்

போலீஸில் புகார் கொடுக்க, எஃப்.ஐ.ஆர். பிரதி வாங்க, ஜி.எச். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். தபால், ஜெராக்ஸ், டைப்பிங் எல்லாம் சில நூறு ரூபாயில் முடியும். நிஜமான செலவு பஸ்ஸும் போன வேலை நாளும்தான். காரைக்குடியிலிருந்து சிவகங்கை போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் ஒரே பயணத்தில் எஸ்.பி. ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூன்றையும் முடித்துவிடுங்கள்.

வக்கீல் வேண்டும் என்றால் முதலில் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம்.

கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 115(2) காயத்துக்குக் கோர்ட் வழக்கை ஏற்கும் காலவரம்பு ஓராண்டு. ராகிங், மிரட்டல் போன்ற இரண்டாண்டு தண்டனைக் குற்றங்களுக்கு மூன்றாண்டு. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்தத் தேதியைச் சொல்லி எஸ்.பி.க்கு இன்னொரு தபால்.

10. சான்றிதழும் என்.ஓ.சி.யும்

புகார் போகும் முன்னாலேயே செய்ய வேண்டியது இது, ஆனால் பெரும்பாலோர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களின் அசல் கோச்சின் பீரோவிலோ அணி ஆபீஸிலோ இருந்தால், "காலேஜ் அட்மிஷனுக்கு வேண்டும்" என்று கேட்டு இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி இடத்துக்கும் அந்தக் காகிதம்தான் பிள்ளையின் சொத்து. சங்கடம் வந்த பிறகு கேட்டால் "தேடிப் பார்க்கிறோம்" என்றுதான் பதில் வரும். அசலை லேமினேட் செய்யாமல் வைத்து, இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து மெயிலில் போடுங்கள்.

வேறு அணிக்கு மாறச் சங்கத்தின் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) தேவைப்பட்டால் அதையும் எழுத்தில் கேட்டு ஒப்புகை வாங்குங்கள். "புகாரை வாபஸ் வாங்கு, என்.ஓ.சி. தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அது எழுத்தில் வரும்படி செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் கேள்வியாகக் கேட்டாலே பல சமயம் பதில் எழுத்தில் வந்துவிடும்.

புது அணியில் சேர்க்கும்போது நான்கு விஷயம் விசாரியுங்கள்: சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே அறையிலா, ராத்திரி விடுதியில் பொறுப்பாளர் தங்குகிறாரா, போன் எத்தனை மணிக்கு வாங்கி வைக்கிறார்கள், பேட்டா யார் கையில் கொடுக்கப்படுகிறது. முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் சேருங்கள். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஆள் ஒருவர் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.